பகா எண்களும் முழு எண் சமன்பாடுகளும்: இன்னும் விடை கிடைக்காதவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகா எண்களைப் பெருக்கச் சொன்னால் சொன்னபடி கேட்கும். கூட்டச் சொன்னால்தான் தகராறு. எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்கலாம் என்பது யூக்ளிட் காலத்திலிருந்தே கைக்கு வந்த விஷயம். அதே எண்ணோடு வெறும் 2-ஐக் கூட்டிப் பாருங்கள், அதன் காரணிகள் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தத் தகராறின் வெவ்வேறு முகங்கள்தான்.

ஒரு கேள்வி 'தீர்க்கப்படவில்லை' என்றால் யாருக்கும் விடை தெரியாது என்று பொருளா?

அப்படி அல்ல. பல கேள்விகளுக்கு விடை 'ஆம்' என்று ஏறக்குறைய எல்லாக் கணித அறிஞர்களும் நம்புகிறார்கள். இல்லாதது நிரூபணம். அப்படி நம்பப்படும் கூற்றை இந்தப் பக்கத்தில் 'ஊகம்' என்று குறிப்பிடுகிறேன். நிரூபணம் வந்த அன்றுதான் அது தேற்றம்.

பகா எண்கள் முடிவில்லாதவை என்று பள்ளியிலேயே படித்தோமே, அதற்கு மேல் என்ன பாக்கி?

யூக்ளிடின் வாதம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. கையில் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டினால், வரும் எண்ணின் காரணி உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண்ணாகத்தான் இருக்கும். (வரும் எண்ணே பகா எண் என்று பலர் நினைப்பதுண்டு. 2×3×5×7×11×13 + 1 = 30031; இது 59 × 509.) இடைவெளிகள் எப்படி, குறிப்பிட்ட வடிவத்தில் எத்தனை, இரண்டைக் கூட்டினால் என்னென்ன எண் கிடைக்கும் என்பதற்கெல்லாம் அந்த வாதத்தில் இடமே இல்லை. 100 வரை 25 பகா எண்கள், பத்து லட்சம் வரை 78,498, நூறு கோடி வரை 5,08,47,534. போகப்போக அடர்த்தி குறைகிறது. எந்த வேகத்தில் குறைகிறது என்பதை 1896-இல் அதமாரும் தெ லா வல்லே புசேனும் தனித்தனியே நிரூபித்தார்கள்: ஓர் எண்ணுக்கு அருகில் பகா எண்களின் சராசரி இடைவெளி ஏறக்குறைய அந்த எண்ணின் இயல் மடக்கை. சராசரி தெரியும். சராசரியை விட்டு விலகி நடப்பதெல்லாம்தான் கேள்வி.

இரட்டைப் பகா எண்கள் விஷயத்தில் 2013-இல் பெரிய செய்தி வந்ததே, தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. ஆனால் வந்தது உண்மையிலேயே பெரிய செய்திதான்.

(11, 13), (17, 19), (41, 43) என்று 2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டா என்பது கேள்வி. 2013 வரை நிலைமை இன்னும் மோசம்: வித்தியாசம் 2 வேண்டாம், ஏதாவது ஒரு நிலையான எண்ணுக்குள் அடங்கும் ஜோடிகளாவது முடிவில்லாமல் வருகின்றன என்றுகூடக் காட்ட முடியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த யீடாங் ஜாங், 7 கோடிக்குள் வித்தியாசம் உள்ள பகா ஜோடிகள் முடிவில்லாதவை என்று நிரூபித்தார். அதற்குமுன் துறையில் அதிகம் பேசப்படாத பெயர், வயது ஐம்பதைத் தாண்டியவர். 7 கோடி எங்கே, 2 எங்கே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் 'எல்லையே இல்லை' என்பதிலிருந்து 'ஓர் எல்லை உண்டு' என்பதற்கு வருவதுதான் தாண்ட முடியாமல் கிடந்த பள்ளம்.

பிறகு எண் சரசரவென்று இறங்கியது. இணையத்தில் கூட்டாக வேலை செய்த பாலிமேத் குழு அதை ஆயிரங்களுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் மேனார்ட் வேறொரு வழியில் 600-ஐத் தொட்டார். 2014-இல் 246. இன்றும் 246-தான். எலியட்-ஹால்பர்ஸ்டாம் என்ற, இன்னும் நிரூபிக்கப்படாத ஊகத்தை இரவல் வாங்கினால் 12 வரை வரும். அதன் பொதுமை வடிவத்தை வாங்கினால் 6. அதற்குக் கீழே இந்த வழியில் இறங்கவே முடியாது.

ஏன் இறங்க முடியாது?

இந்த முறைகளெல்லாம் 'சல்லடை' வகை. 2-இன் மடங்குகளைக் கழி, 3-இன் மடங்குகளைக் கழி என்று சலித்துக்கொண்டே போய், மிஞ்சியதை எண்ணுவது. சல்லடைக்கு ஒரு பார்வைக் குறைபாடு உண்டு: ஓர் எண்ணுக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகளா, இரட்டைப்படை எண்ணிக்கையிலா என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரே காரணி உள்ள பகா எண்ணையும், இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தையும் அது பிரித்துப் பார்க்காது. சென் ஜிங்ருன் 1973-இல் விரிவாக வெளியிட்ட தேற்றம் இதனால்தான் அந்த வடிவத்தில் நிற்கிறது: முடிவில்லாத பல பகா எண்களோடு 2-ஐக் கூட்டினால், வருவது பகா எண் *அல்லது* இரண்டு பகா எண்களின் பெருக்கம். அந்த 'அல்லது' சென்னின் குறை இல்லை, சல்லடையின் குறை.

1919-இல் விகோ புருன் செய்த கணக்கும் இங்கே சொல்லத் தக்கது. எல்லாப் பகா எண்களின் தலைகீழிகளையும் கூட்டினால் தொகை எல்லையில்லாமல் வளரும். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளை மட்டும் கூட்டினால் சுமார் 1.9-இல் அடங்கிவிடும். ஆகவே முடிவில்லாமல் இருந்தாலும் அவை அபூர்வம்தான். இந்தத் தொகையைத் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த தாமஸ் நைஸ்லிக்கு 1994-இல் விடைகள் ஒத்துப்போகவில்லை. 824633702441, 824633702443 ஆகிய இரண்டின் தலைகீழிகளைத் தப்பாக வகுத்தது பென்டியம் சில்லு. இன்டெல் அந்தச் சில்லுகளை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. எண் கோட்பாட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் கேட்டது இந்தப் பயன் இல்லை என்பது வேறு விஷயம்.

கோல்ட்பாக் ஊகம் என்ன சொல்கிறது? எதுவரை சரிபார்த்திருக்கிறார்கள்?

2-ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 1742 ஜூன் 7 தேதியிட்டு கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த கேள்வி.

98-ஐ எடுத்துக்கொள்வோம். 3-ஐக் கழித்தால் 95, அது 5-இன் மடங்கு. 5 போனால் 93, 3-இன் மடங்கு. 7 போனால் 91. பகா எண் போல முகம் காட்டும், ஆனால் 7 × 13. 11 போனால் 87, 13 போனால் 85, 17 போனால் 81, எதுவும் ஆகாது. 19 போனால் 79. அப்பாடா, பகா எண். சிறிய எண்களிலேயே கொஞ்சம் பிடிவாதக்காரர் இவர். கணினியில் 4 × 10¹⁸ வரை எல்லா இரட்டைப்படை எண்களையும் இப்படிச் சோதித்துவிட்டார்கள். அந்த எல்லைக்குள் மிகப் பிடிவாதமான எண் 3325581707333960528. அதற்கும் 9781 என்ற பகா எண்ணைத் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. எண் பெரிதாக ஆக அதைப் பிரிக்கும் வழிகளும் பெருகுகின்றன, அதனால் ஊகம் தோற்கும் என்று எதிர்பார்ப்பவர் யாரும் இல்லை.

5-ஐ விடப் பெரிய ஒற்றைப்படை எண்களை *மூன்று* பகா எண்களாகப் பிரிக்கலாம் என்ற எளிய தம்பி வேறு. வினோகிராடாவ் 1937-இல் போதுமான அளவு பெரிய எண்களுக்கு நிரூபித்தார், மிச்சத்தை 2013-இல் ஹரால்ட் ஹெல்ஃப்காட் முடித்தார். மூன்று என்றால் முடிகிறது, இரண்டு என்றால் முடியவில்லை. மூன்று இருந்தால் ஒன்று சொதப்பினாலும் சராசரி கைகொடுக்கும். இரண்டில் அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவு தூரம் கணினி சோதித்த பிறகும் சந்தேகம் எதற்கு?

ஏனென்றால் ஏமாந்த கதைகள் இருக்கின்றன. போல்யா 1919-இல் ஓர் ஊகம் வைத்தார்: எந்த எல்லை வரை எண்ணினாலும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகள் உள்ள எண்கள் குறைந்தது பாதியாவது இருக்கும். 1958-இல் அது பொய் என்று தெரிந்தது. முதல் தோல்வி 906150257-இல். தொண்ணூறு கோடி வரை பார்த்து நம்பியவர் கதி என்ன?

ஆய்லரே ஏமாந்திருக்கிறார். நான்கு ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் அடுக்கு வராது என்று அவர் எண்ணினார். 1966-இல் லேண்டரும் பார்க்கினும் கணினியை ஓடவிட்டு எடுத்தது: 27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵. அவர்கள் வெளியிட்ட கட்டுரை மொத்தமே இரண்டு வாக்கியம்.

இதைவிடக் கொடுமை ஒன்று. பகா எண்களை எண்ணித் தரும் தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு, மடக்கைத் தொகையீடு என்பார்கள். பத்து லட்சத்தில் அது உண்மையைவிட 130 அதிகம் சொல்லும். நூறு கோடியில் 1,701 அதிகம். அட்டவணையில் எங்கே பார்த்தாலும் அதிகம்தான். எப்போதும் அதிகம் என்றுதானே முடிவுக்கு வருவோம்? லிட்டில்வுட் 1914-இல், அது குறைத்தும் சொல்லும், அப்படி மாறுவது முடிவில்லாத தடவை நடக்கும் என்று நிரூபித்தார். 1.4 × 10³¹⁶ அருகே அப்படி ஓர் இடம் இருப்பது இன்று தெரியும். எந்தக் கணினியும் ஒவ்வொன்றாக எண்ணி அங்கே போய்ச் சேராது.

ரீமான் கருதுகோளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

மேலே சொன்ன 1,701 என்ற பிழையைப் பாருங்கள். ஐந்து கோடியை எண்ணும்போது வெறும் 1,701 பிசகுவது ஆச்சரியம் இல்லையா? பிழை எப்போதும் இப்படிச் சின்னதாகவே, எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியே இருக்கும் என்பதுதான் சாரம். 1859-இல் ரீமான், பகா எண்களின் எண்ணிக்கையை ஸீட்டா என்ற சார்பின் பூச்சியங்களோடு (அதன் மதிப்பு 0 ஆகும் இடங்களோடு) கட்டிப்போட்டார். அந்தப் பூச்சியங்களில் சிக்கலெண்களாக உள்ளவை எல்லாம் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்பது கருதுகோள். ஹார்டி 1914-இல் முடிவில்லாதவை கோட்டில் உள்ளன என்றார். கான்ரி 1989-இல் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கோட்டில் உண்டு என்றார். பிளாட், ட்ரட்ஜியன் இருவரும் 3 × 10¹² உயரம் வரை ஒன்றுகூட விலகவில்லை என்று கணினியில் சரிபார்த்தார்கள். லிட்டில்வுட் கதையைப் படித்த பிறகு இந்த 3 × 10¹² எவ்வளவு தெம்பு தரும் என்பது உங்கள் விருப்பம். எனக்கு ஓரளவுதான்.

மரியாதைக்கு இன்னொரு காரணம், 'ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால்' என்று தொடங்கும் தேற்றங்கள் நூற்றுக்கணக்கில் காத்திருக்கின்றன.

அது நிரூபிக்கப்பட்டால் இணைய வங்கிப் பாதுகாப்பு உடைந்துவிடும் என்கிறார்களே?

உடையாது. பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் வேகமான வழி கிடைத்தால்தான் அந்த ஆபத்து. ரீமான் கருதுகோள் அந்த வழியைத் தருவதில்லை. திருட நினைப்பவர் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு இன்றே நிரல் எழுதலாம், நிரூபணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லையே. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பது வேறு வேலை, அது எளிது. அதை எந்தக் கருதுகோளின் துணையும் இல்லாமல் வேகமாகச் செய்யலாம் என்று 2002-இல் ஐஐடி கான்பூரின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் காட்டிவிட்டார்கள்.

கோல்ட்பாக், இரட்டைப் பகா எண்கள் இரண்டும் லாண்டாவின் நான்கு கேள்விகளில் சேர்ந்தவை என்கிறார்களே, மற்ற இரண்டு எவை?

1912-இல் கேம்பிரிட்ஜில் நடந்த உலகக் கணித மாநாட்டில் எட்மண்ட் லாண்டாவ், அன்றைய கருவிகளால் தொட முடியாதவை என்று நான்கைச் சொன்னார். கோல்ட்பாக், இரட்டைப் பகா எண்கள் போக, அடுத்தடுத்த இரு வர்க்கங்களுக்கு இடையில் எப்போதும் ஒரு பகா எண் உண்டா என்பது ஒன்று. 5, 17, 37, 101 போல ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டி வரும் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பது மற்றொன்று. பின்னதற்கு இவானியெட்ஸ் 1978-இல் 'பகா எண் அல்லது இரண்டு பகா எண்களின் பெருக்கம்' வரை வந்தார். மறுபடியும் அதே 'அல்லது'. நான்கும் இன்றுவரை அப்படியே.

புதிதாகக் கண்டுபிடித்த மிகப் பெரிய பகா எண் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அது இந்தக் கேள்விகளுக்கு உதவுமா?

அதிகம் உதவாது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய மெர்சென் பகா எண்களில் நமக்குத் தெரிந்தது 52. முடிவில்லாமல் உண்டா என்பது தெரியாது, 53-ஐக் கண்டாலும் தெரியாது.

ஆனால் இதே இடத்தில் ஒரு பழைய கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 28-இன் சிறு காரணிகள் 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இப்படிப்பட்ட நிறைவெண்களில் இரட்டைப்படையானவை ஒவ்வொன்றும் ஒரு மெர்சென் பகா எண்ணிலிருந்தே பிறக்கின்றன. ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது 10¹⁵⁰⁰-ஐ விடப் பெரியது என்று 2012-இல் ஓஷெமும் ராவும் காட்டினார்கள். இல்லவே இல்லை என்று காட்டத்தான் ஆள் இல்லை.

முழு எண் சமன்பாடுகளை எல்லாம் தீர்க்க ஒரே பொது முறை கிடையாதா?

கிடையாது. இது 'இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்ற கிடையாது அல்ல. 1900-இல் ஹில்பர்ட் தம் பத்தாவது கேள்வியாக அப்படி ஒரு முறையைக் கேட்டார். எந்த முழு எண் கெழுச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் முழு எண் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் செயல்முறை வேண்டும். டேவிஸ், புட்னம், ஜூலியா ராபின்சன் மூவரும் இட்ட பாதையில் 1970-இல் மத்தியாசெவிச் கடைசி அடியை வைத்தார்: அப்படி ஒரு செயல்முறை இருக்கவே முடியாது. முழு எண்களுக்குப் பதிலாக விகிதமுறு எண்களில் தீர்வு கேட்டால் என்ன ஆகும் என்பது திறந்தே கிடக்கிறது.

ஆகவே சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

42-ஐ மூன்று கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதினார்கள் என்று படித்தேன். அதில் என்ன கஷ்டம்?

குறை எண்களும் அனுமதி என்பதில்தான் கஷ்டம். வர்க்கங்களாக இருந்தால் தேடும் இடம் சின்னது, பெரிய எண்ணுக்குப் போகவே வேண்டாம். கனங்களில் குறை எண்ணும் வரலாம் என்பதால், இரண்டு ராட்சத எண்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துக்கொண்டு, மிச்சம் ஒரு சின்ன எண்ணாக விழலாம். எவ்வளவு தூரம் தேடினால் போதும் என்பதற்கு எல்லையே இல்லை.

29-இலிருந்து 33 வரை நடந்து பாருங்கள். 29 = 3³ + 1³ + 1³, விளையாட்டு. 30-க்கு விடை 1999-இல்தான் கிடைத்தது: 2220422932³ − 283059965³ − 2218888517³. 31-க்கும் 32-க்கும் விடையே கிடையாது, அதை இங்கேயே நிரூபித்துவிடலாம். எந்தக் கனத்தையும் 9-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 இவற்றில் ஒன்றுதான். 8 என்பது 1 குறைவு என்பதற்குச் சமம். எனவே மூன்று கனங்களைக் கூட்டினால் மீதி −3 முதல் 3 வரைதான் போகும். 4-க்கும் 5-க்கும் வழியில்லை. 31-இன் மீதி 4, 32-இன் மீதி 5. ஆயிற்று.

33-க்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் 2019-இல் ஆண்ட்ரூ புக்கர் கண்டுபிடிக்கும்வரை விடை இல்லை:

8866128975287528³ − 8778405442862239³ − 2736111468807040³ = 33

அதன்பின் 100-க்குள் மிஞ்சியது 42 ஒன்றே. அதே ஆண்டு செப்டம்பரில் புக்கரும் ஆண்ட்ரூ சதர்லாந்தும், தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓய்வு நேரத்தை வாங்கி, பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு எடுத்தார்கள்:

80435758145817515³ + 12602123297335631³ − 80538738812075974³ = 42

ஆயிரத்துக்குள் இன்னும் கிடைக்காதவை 114, 390, 627, 633, 732, 921, 975. மீதி 4, 5 வராத எல்லா எண்ணுக்கும் விடை உண்டு, அதுவும் முடிவில்லாத விடைகள் உண்டு என்பது ஹீத்-பிரவுன் 1992-இல் வைத்த ஊகம். 3-ஐப் பாருங்கள்: 1³ + 1³ + 1³ ஒரு வழி, 4³ + 4³ − 5³ இன்னொரு வழி. வேறு வழி உண்டா என்று மார்டெல் 1953-இல் கேட்டார். உண்டு என்று 2019-இல்தான் தெரிந்தது. அந்த வழியில் வரும் எண்களில் பெரியது 21 இலக்கம். கேள்வி எழுதிய காகிதத்தில் விடையை எழுத இடம் போதும், கண்டுபிடிக்கத்தான் அறுபத்தாறு ஆண்டு.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் முடிந்துவிட்டதே. அந்தக் குடும்பத்தில் வேறு என்ன மிச்சம்?

ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995-இல் அச்சானது. n 2-ஐ விடப் பெரியது என்றால் xⁿ + yⁿ = zⁿ என்பதற்கு நேர் முழு எண் விடை இல்லை என்பது அந்தத் தேற்றம். அங்கே மூன்று அடுக்குகளும் ஒன்றே. அடுக்குகள் வெவ்வேறாக இருக்கலாம் என்று தளர்த்தினால்? 7³ + 7⁴ = 14³ போல விடைகள் வந்துவிடும். ஆனால் அதில் எல்லாவற்றுக்கும் 7 பொதுக் காரணி. அடுக்குகள் எல்லாம் 2-ஐ விடப் பெரியவை, பொதுக் காரணி கூடாது என்று கட்டுப்பாடு விதித்தால் விடையே இல்லை என்பது பீல் ஊகம். இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு, அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் பொறுப்பில். 2-ஆம் அடுக்கை அனுமதித்தால் 2⁷ + 17³ = 71² போன்ற அழகான சிலது உண்டு. தெரிந்த எல்லா விடைகளிலும் எங்காவது ஒரு வர்க்கம் ஒளிந்திருக்கிறது, அதற்கு விளக்கம் யாரிடமும் இல்லை.

ஏபிசி ஊகத்தின் கதி என்ன?

பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களைக் கூட்டுங்கள். மூன்று எண்களிலும் வரும் வெவ்வேறு பகா எண்களை ஆளுக்கொரு முறை மட்டும் பெருக்குங்கள். 7 + 8 = 15 என்றால் 2×3×5×7 = 210, தொகையைவிடப் பெரியது. பெரும்பாலும் இப்படித்தான். 3 + 125 = 128 என்றால் 2×3×5 = 30, தொகையைவிடச் சிறியது. இரண்டாவது வகை உண்டு, ஆனால் அது ஒரு வரம்பை மீறிப் போகாது என்பதுதான் 1985-இல் மாஸரும் ஈஸ்டர்லேயும் வைத்த ஊகம். கூட்டலும் பெருக்கலும் மோதிக்கொள்ளும் இடத்தை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இது கைக்கு வந்தால் பீல் ஊகத்தின் பெரும்பகுதி உட்பட ஏகப்பட்டது தானாக விழும்.

2012-இல் கியோட்டோவைச் சேர்ந்த ஷினிச்சி மோச்சிசுகி ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் எழுதி நிரூபணம் என்று வெளியிட்டார். 2018-இல் ஷோல்ட்சேயும் ஸ்டிக்ஸும் அவரை நேரில் சந்தித்துப் பேசிவிட்டு, மூன்றாம் கட்டுரையின் 3.12 என்ற துணைமுடிவில் சரிசெய்ய முடியாத ஓட்டை இருப்பதாக அறிக்கை எழுதினார்கள். அவர் ஏற்கவில்லை. 2021-இல் அவர் பணிபுரியும் நிறுவனத்தின் ஆய்விதழிலேயே கட்டுரைகள் அச்சாயின. துறையில் பெரும்பாலோர் இதை நிரூபிக்கப்படாத ஊகமாகவே நடத்துகிறார்கள். என் கட்சியும் அதுவே. ஒரு நிரூபணம் படிப்பவரை நம்பவைக்காவிட்டால் அதன் வேலை இன்னும் முடியவில்லை.

ராமானுஜன் விட்டுச்சென்ற திறந்த கேள்வி ஏதாவது உண்டா?

உண்டு. 1913-ஐ ஒட்டி இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் வைத்த இரண்டு கேள்விகளை அருகருகே பார்க்க வேண்டும். முதலாவது: 2-இன் எந்த அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கம் வரும்? 8, 16, 32, 128, 32768. கழித்தால் 1, 9, 25, 121, 32761, கடைசியது 181². வேறு உண்டா? இல்லை என்று 1948-இல் நாகெல் நிரூபித்தார்.

இரண்டாவது: 1 முதல் ஓர் எண் வரை வரிசையாகப் பெருக்கி 1 கூட்டினால் எப்போது வர்க்கம் வரும்? 4 வரை பெருக்கினால் 24 + 1 = 5². 5 வரை என்றால் 120 + 1 = 11². 7 வரை என்றால் 5040 + 1 = 71². (6-இல் 721, வர்க்கம் இல்லை.) பிறகு ஒன்றையும் காணோம். பிரோகார் 1876-லேயே கேட்ட கேள்வி இது, ராமானுஜன் தனியாக வந்து சேர்ந்தார். கோடி கோடியாகத் தேடியாயிற்று, நான்காவது இல்லை. முடிவுள்ள எண்ணிக்கைதான் என்றுகூட யாரும் நிரூபிக்கவில்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கேள்விகள், ஒன்று தேற்றம், ஒன்று வெறும் நம்பிக்கை. முதலாவதில் 2-இன் அடுக்கு என்ற கட்டுக்கோப்பான அமைப்பு கைகொடுத்தது. இரண்டாவதில் எல்லாப் பகா எண்களும் ஒரே பெருக்கத்தில் வந்து குவிகின்றன, பிடிக்க ஒரு நுனியும் இல்லை.

எண் கோட்பாட்டு அறிஞர் எஸ். எஸ். பிள்ளையையும் இங்கே விட்டுவிடக் கூடாது. 8-உம் 9-உம் போல இரண்டு அடுக்கு எண்களின் வித்தியாசம் 1 ஆவது வேறெங்கும் இல்லை என்பதை மிஹைலெஸ்கு 2002-இல் நிரூபித்தார். பிள்ளையின் ஊகம் எல்லா வித்தியாசங்களுக்கும்: எந்த வித்தியாசமும் முடிவுள்ள தடவைதான் வரும். 2 என்ற வித்தியாசத்துக்குத் தெரிந்தது 25, 27 மட்டும். வேறு இல்லை என்று காட்டத் தெரியாது. 6-க்கு ஒரு ஜோடிகூடக் கண்டதில்லை. 1950-இல் உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் இறந்தார், வயது 49.

பள்ளி மாணவர் கையால் விளையாடிப் பார்க்கும்படி ஒன்று சொல்ல முடியுமா?

44, 117, 240 அளவுள்ள செவ்வகப் பெட்டி. மூன்று முகங்களின் மூலைவிட்டங்கள் 125, 244, 267, எல்லாம் முழு எண். பெட்டிக்கு உள்ளே மூலைக்கு மூலை போகும் கோட்டின் வர்க்கம் 73225. 270² = 72900, 271² = 73441. தவறிவிட்டது. மூன்று பக்கம், நான்கு மூலைவிட்டம் என ஏழும் முழு எண்ணாக வரும் பெட்டி ஒன்றாவது உண்டா? ஆய்லர் காலத்திலிருந்து தேடுகிறார்கள்.

எனக்கு ஒரு நிரூபணம் கிடைத்திருக்கிறது. யாருக்கு அனுப்புவது?

உடனே யாருக்கும் அனுப்ப வேண்டாம். முதலில் நீங்களே அதை உடைக்கப் பாருங்கள். கோல்ட்பாக் ஊகத்துக்கு வரும் நிரூபணங்களில் பெரும்பாலானவை, 'பகா எண்கள் நிறைய இருக்கின்றன, அதனால் ஏதாவது ஒரு ஜோடி பொருந்தியே தீரும்' என்பதையே பல பக்கங்களில் சொல்பவை. அதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. உங்கள் தாளில் 'பகா எண்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்' என்று மாற்றிவிட்டு மறுபடி படியுங்கள். 5, 13, 17, 29, 37, 41 என்று இவையும் முடிவில்லாதவை, மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. வாதம் அப்படியும் தடங்கல் இல்லாமல் ஓடினால் அது தப்பு. ஏனென்றால் இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் நான்கால் வகுக்க மீதி 2-தான் வரும். 100-ஐ ஒருநாளும் எட்ட முடியாது.